வட்டில் உறங்கும் எழுத்து

நூல் அழிவதற்கு வழிகள் பல. கறையான் அரிக்கும், வெள்ளம் கொண்டுபோகும், நெருப்பு விழுங்கும். பழைய கித்தாபுகளைக் கண்போல் காத்துவந்த நம் பெரியோர் இம்மூன்றுக்கும் அஞ்சி, வேப்பிலை வைத்தும் வெயிலில் காயப்போட்டும் மேல்தட்டில் அடுக்கியும் அவற்றைப் பேணினர். நான்காவதாக ஓர் அழிவு உண்டு என்பதை அவர்கள் அறிய வேண்டிய தேவை எழவில்லை. ஏடு பழுதின்றி இருக்கும். எழுத்தும் அதில் இருக்கும். ஆயினும் அதை எடுத்துப் படிக்கும் வழி மட்டும் உலகைவிட்டு மறைந்துவிடும். அந்த நான்காவது அழிவின் வரலாறும், அதனை எதிர்த்து நிற்கும் சிலரின் பணியுமே இக்கட்டுரையின் பொருள்.

அமெரிக்க நாட்டின் கறுப்பின எழுத்தாளர்களுள் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர் ரால்ஃப் எல்லிசன். 1952ஆம் ஆண்டு வெளிவந்த 'இன்விசிபிள் மேன்' என்னும் ஒரே நாவலால் அழியாப் புகழ் பெற்றவர். தம் இரண்டாம் நாவலை அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். 1967 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிளெய்ன்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த அவரது வீடு தீக்கிரையாயிற்று. நாவலின் கைப்படியில் ஒரு பகுதியும் அத்துடன் எரிந்தது. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1982இல், அறுபது வயதைக் கடந்திருந்த எல்லிசன் 'ஆஸ்பர்ன்' என்னும் கணிப்பொறி ஒன்றை வாங்கி, நாவலை அதில் எழுதத் தொடங்கினார். 1994 ஏப்ரலில் அவர் மறைந்தபோது நாவல் முடிவு பெற்றிருக்கவில்லை. விட்டுச்சென்றவை காகிதக் கட்டுகள் பல. அவற்றோடு கறுத்த சதுர உறைகளுக்குள் அடங்கிய வட்டுகள்.

காகிதத்தை எவரும் எடுத்துப் படிக்கலாம். அந்த வட்டுகளை என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அக்கருவி பிறந்த கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்துகோலான பொறி

1975 ஜனவரியில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' என்னும் அமெரிக்கத் திங்களிதழ் தன் அட்டையில் ஒரு பெட்டியின் படத்தை வெளியிட்டது. 'ஆல்டேர் 8800' என்பது அதன் பெயர். அதுகாறும் பல்கலைக்கழகங்களிலும் பெரும் அலுவலகங்களிலும் மட்டுமே இருந்த கணிப்பொறி, தனியொருவர் விலைக்கு வாங்கித் தம் மேசைமீது வைத்துக்கொள்ளும் பொருளாயிற்று. அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் மின்னணுக் கலையில் மோகங்கொண்ட இளைஞர்கள். அதைக்கொண்டு கடிதம் எழுதலாம், நூல் எழுதலாம் என்று அவர்களுள் எவரும் பெரிதாக நினைக்கவில்லை.

நினைத்தவர் ஒருவர் இருந்தார். மைக்கேல் ஷ்ரேயர் என்பது அவர் பெயர். நியூயார்க்கில் திரைப்படத் தொழிலில் இருந்து, பின்னர் கலிபோர்னியாவில் குடியேறியவர். ஆல்டேருக்காக அவர் ஒரு நிரல் தொகுப்பைச் செய்தார். அதற்கு விளக்கக் கையேடு ஒன்று எழுத வேண்டியதாயிற்று. தட்டச்சுப் பொறியில் பிழைபட அடித்து, அழித்து, மீண்டும் அடித்து அலுத்துப்போகும் வேலையை எண்ணியபோது அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது: எதிரே இருக்கும் கணிப்பொறியிலேயே அக்கையேட்டை ஏன் எழுதக் கூடாது? கையேடு எழுதக் கருவி வேண்டும். கருவியோ உலகில் இல்லை. எனவே கருவியைத் தாமே செய்தார். 1976 டிசம்பரில் இவ்வாறு பிறந்ததே 'எலெக்ட்ரிக் பென்சில்'. வீட்டுக் கணிப்பொறிக்கென எழுந்த முதல் சொற்செயலி இதுவே.

அந்நாளில் பொறிக்குப் பொறி அமைப்பு வேறு. அச்சுக் கருவிக்கு அச்சுக் கருவி மொழி வேறு. ஒன்றுக்குச் செய்தது மற்றொன்றில் ஓடாது. ஷ்ரேயர் தம் ஒரே மென்பொருளை எழுபதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் மாற்றி மாற்றி எழுத வேண்டியிருந்தது. இன்றைக்கு அதை இயக்கிப் பார்க்க விழைவோர், 'எலெக்ட்ரிக் பென்சில் கிடைத்ததா?' என்று கேட்டால் போதாது. எந்தப் பொறிக்குரியது, எந்த அச்சுக் கருவிக்குரியது என்றும் கேட்டாக வேண்டும்.

ஒரு சில்லின் சிக்கனம்

1977ஆம் ஆண்டு வீட்டுக் கணிப்பொறிகளின் வரலாற்றில் ஒரு திருப்பம். ஆப்பிள் 2, கமடோர் பெட், டி.ஆர்.எஸ்-80 ஆகிய மூன்றும் அவ்வாண்டில்தான் சந்தைக்கு வந்தன. இவற்றுள் டி.ஆர்.எஸ்-80, திரையும் ஒலிநாடாப் பெட்டியும் சேர்த்து 599 டாலருக்கு ரேடியோ ஷாக் கடைகளில் விற்கப்பட்டது. நினைவகம் 4 கிலோபைட். திரையில் வரிக்கு 64 எழுத்தாகப் பதினாறு வரிகள்.

இப்பொறியில் ஒரு விந்தையான குறை இருந்தது. ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளை அதன் திரை காட்டாது. காட்டுவன அனைத்தும் பெரிய எழுத்துகளே. காரணம் மிக எளியது. திரைக்குரிய நினைவகத்தில் எட்டுச் சில்லுகள் வேண்டிய இடத்தில், செலவைக் குறைப்பதற்காக ஏழே சில்லுகளை வைத்தார்கள். விடுபட்ட அந்த ஒரு சில்லோடு இருபத்தாறு எழுத்துகள் திரையைவிட்டு நீங்கின. கடிதமும் கட்டுரையும் எழுத விரும்பியோர் அதற்கும் ஒரு வழி கண்டனர். பொறியைத் திறந்து, உள்ளேயிருந்த சில்லின் முதுகின்மீது மற்றொரு சில்லை ஏற்றிப் பற்றவைத்தனர். எலெக்ட்ரிக் பென்சிலில் எழுதுவதற்காகவே எத்தனையோ பேர் இவ்வாறு பொறியை அறுவை செய்தனர் எனின், எழுத்தின்மீது அவர்கள் கொண்டிருந்த வேட்கை எத்தகையது என்பதை உணரலாம். இன்று பழைய டி.ஆர்.எஸ்-80 ஒன்று கைக்குக் கிடைத்தால், முதுகில் சுமை ஏற்றிய சில்லு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது அக்கலை வல்லோரின் வழக்கம். இருந்தால், அப்பொறியை ஒருவர் எழுதுவதற்குப் பயன்படுத்தியிருக்கக் கூடும்.

ஆப்பிள் 2 பொறியிலும் இதே இடர்ப்பாடு. பால் லூட்டஸ் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டுக் குடில் ஒன்றில் இருந்துகொண்டு 1979இல் செய்த 'ஆப்பிள் ரைட்டர்' அதை வேறு வகையில் தீர்த்தது. பெரிய எழுத்தாக அச்சிட வேண்டியவற்றை மட்டும், ஒளியும் இருளும் இடம்மாறிய கட்டங்களாகத் திரையில் காட்டிற்று.

வேர்ட்ஸ்டார்

பொறிகள் இவ்வாறு ஒன்றுக்கொன்று அயலாக நின்ற காலத்தில், அவற்றுக்கிடையே ஒரு பொதுமொழியாக அமைந்தது கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய 'சி.பி./எம்.' என்னும் இயக்க முறைமை. அதன்மீது எழுந்த மாளிகையே 'வேர்ட்ஸ்டார்'. சீமோர் ரூபின்ஸ்டைன் 1978இல் கலிபோர்னியாவில் தொடங்கிய மைக்ரோப்ரோ நிறுவனத்துக்காக ராப் பார்னபி என்பவர் அதன் நிரலை எழுதினார். 1979இன் நடுவில் விற்பனைக்கு வந்த அதன் விலை 495 டாலர்.

வேர்ட்ஸ்டாரின் அமைப்பில் ஓர் அரிய சிந்தனை உண்டு. அக்காலத்து விசைப்பலகைகள் பலவற்றில் அம்புக்குறி விசைகள் இல்லை. எனவே கன்ட்ரோல் விசையை இடக்கைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு, ஈ என்றால் மேலே, எக்ஸ் என்றால் கீழே, எஸ் என்றால் இடம், டி என்றால் வலம் எனக் கர்ஸரை நகர்த்துமாறு வகுத்தனர். இந்நான்கு எழுத்துகளும் விசைப்பலகையில் சாய்சதுர வடிவில் அமைந்திருப்பதைக் காணலாம். தட்டச்சுப் பழகியவர் விரல்களைத் தம் இடத்திலிருந்து எடுக்காமலே பக்கம் முழுதும் உலாவலாம். எழுதுபவரின் கண் திரையிலும் கருத்து பொருளிலும் நிற்க, கை தானே நடக்கும்.

இன்னொரு சிறப்பும் உண்டு. எலெக்ட்ரிக் பென்சில் எழுத்து முழுவதையும் நினைவகத்துக்குள்ளேயே வைத்திருக்கும். நினைவகம் நிரம்பினால் எழுத்தும் நிற்கும். வேர்ட்ஸ்டாரோ, வேண்டிய பகுதியை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு எஞ்சியதை வட்டில் இருத்திவைக்கும். நினைவகத்தைவிட நீளமான அதிகாரத்தையும் எழுத இது வழிசெய்தது. அன்றியும், திருத்திய கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் முந்தைய வடிவத்தை அழித்துவிடாமல் வேறு பெயரிட்டுப் பக்கத்தில் வைக்கும். ஒரே ஒரு தலைமுறைதான். அதற்கு முந்தியது போய்விடும். நம் அரபிக் கித்தாபுகளில் ஹாஷியா என்னும் ஓரக் குறிப்புகளும், அடித்துத் திருத்திய இடங்களும் ஆசிரியரின் மனவோட்டத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். கணிப்பொறியில் அடித்தல் தெரியாது, அழித்தது அழிந்ததே. வேர்ட்ஸ்டார் விட்டுவைத்த அந்த ஒற்றைப் பழைய பிரதி, ஆய்வாளர்க்குக் கிடைக்கும் ஒரே ஓரக் குறிப்பு எனலாம்.

திருவண்ணாமலைச் சிறுவன்

எல்லிசன் வாங்கிய பொறிக்கு ஆஸ்பர்ன் என்னும் பெயர் அதைச் செய்வித்த ஆடம் ஆஸ்பர்னால் வந்தது. இவருடைய வரலாறு தமிழ்நாட்டோடு பின்னியது என்பதைப் பலர் அறியார். 1939இல் பாங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர். தாய் போலந்து நாட்டவர். இரண்டாம் உலகப் போரில் தந்தை ஜப்பானியரால் பாங்காக்கில் சிறைவைக்கப்பட்டிருந்த காலத்தில், தாயும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தனர். சிறுவன் ஆடம் கொடைக்கானலில் பள்ளியில் படித்துவிட்டு, 1950இல் இங்கிலாந்து சென்றார். பின்னர் வேதியியற் பொறியாளராகி, அமெரிக்காவில் நுண்கணிப்பொறிகளைப் பற்றிய நூல்களை எழுதி வெளியிடுபவரானார். முடிவில் நோயுற்று மீண்டும் கொடைக்கானலுக்கே வந்து, 2003 மார்ச்சில் அங்கேயே உயிர்நீத்தார்.

1981 ஏப்ரலில் அவர் அறிமுகப்படுத்திய 'ஆஸ்பர்ன் 1' பொறியை வரைந்தமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். எலெக்ட்ரிக் பென்சில் ஓடிய 'சோல்-20' என்னும் பொறியை முன்னர் ஆக்கியவரும் இவரே. ஆஸ்பர்னின் விலை 1,795 டாலர். எடை பத்துக் கிலோவுக்கும் மேல். தையற்பொறிப் பெட்டி போல மூடிக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிச் செல்லலாம். உள்ளே 64 கிலோபைட் நினைவகம். இரண்டு வட்டு இயக்கிகள். நடுவில் ஐந்தங்குலத் திரை. இவற்றோடு வேர்ட்ஸ்டாரும் வேறு சில மென்பொருள்களும் அவ்விலைக்குள்ளேயே சேர்த்துத் தரப்பட்டன. தனியே வாங்கினால் 495 டாலர் ஆகும் எழுதுகருவி, பொறியை வாங்கியவர் எல்லார்க்கும் கிடைத்தது. சொற்செயலி அலுவலகத்தைவிட்டு எழுத்தாளரின் வீட்டுக்குள் நுழைந்ததில் இவ்வேற்பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

அஞ்சலட்டையினும் சிறிய அத்திரையில் வரிக்கு 52 எழுத்துகளே தெரியும். வரி அதனினும் நீளமாயின், பலகணி வழியே தெருவைப் பார்ப்பதுபோல, திரையை இடமும் வலமும் நகர்த்திப் பார்க்க வேண்டும். வட்டு ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 92 கிலோபைட். ஆங்கிலத்தில் சுமார் 15,000 சொற்கள் அடங்கும். பழைய பிரதியும் புதிய பிரதியும் அருகருகே இருந்தாக வேண்டியிருந்தமையால், உண்மையில் அதில் பாதியே பயன். ஆகவே நீண்ட நாவல் எழுதுவோர் அதைச் சிறுசிறு கோப்புகளாகப் பிரித்துப் பல வட்டுகளில் எழுத வேண்டியதாயிற்று.

இக்கருவிகள் வெகு விரைவில் கடல் கடந்தன. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளியான '2010' என்னும் தம் அறிவியல் நாவலைக் கொழும்பில் 'ஆர்க்கைவ்ஸ் 3' என்ற நுண்கணிப்பொறியில் வேர்ட்ஸ்டாரைக் கொண்டே எழுதினார். நாவல் முழுவதும் ஒரே ஓர் ஐந்தங்குல வட்டில் அடங்கி நியூயார்க் போய்ச் சேர்ந்தது. இச்செய்தியை அந்நூலின் நன்றியுரையிலேயே அவர் பதிந்துவைத்துள்ளார்.

பூட்டு விழுந்தது எவ்வாறு?

ஆஸ்பர்ன் நிறுவனம் 1983 செப்டம்பரில் நொடித்தது. ஐ.பி.எம். பொறிகளும் அவற்றைப் பின்பற்றியவையும் சந்தையை நிரப்பின, சி.பி./எம். ஒதுங்கிற்று. மைக்ரோப்ரோ பின்னாளில் வேர்ட்ஸ்டார் இன்டர்நேஷனல் என்று பெயர் மாறி, 1994இல் வேறு நிறுவனங்களோடு இணைந்து கரைந்தது. வேர்ட்ஸ்டாரின் உரிமை கைக்குக் கை மாறிச் சென்றதே ஒழிய, அதைப் புதுப்பிப்பாரும் விற்பாரும் இல்லாமற் போயினர். எழுத்தாளர்களோ இவை எவற்றையும் கேளாமல் எழுதிக்கொண்டிருந்தனர். பொறியை மாற்றியபோது வட்டுகளை அட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினர். மூடிய பெட்டிமீது மூன்று பூட்டுகள் விழுந்தன.

முதற்பூட்டு வட்டின் அமைப்பு. ஐந்தேகால் அங்குல வட்டில் எழுத்துகளை எவ்வாறு வரிசைப்படுத்துவது என்பதற்கு சி.பி./எம். உலகில் பொதுவிதி கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அமைத்துக்கொண்டது. ஆஸ்பர்னின் முதல் வட்டுகள் 'ஒற்றைச் செறிவு' என்னும் பழைய முறையில் பதிந்தவை. பின்னர் வந்த பொறிகள் பலவற்றால் அவற்றை அறியவே இயலாது. வட்டு வெறுமையானது என்றே அவை கூறும்.

இரண்டாம் பூட்டு காலக் குறிப்பு இன்மை. அக்காலத்து சி.பி./எம். 2.2, கோப்பை எழுதிய நாளைப் பதிவதில்லை. ஒரே அதிகாரம் நான்கு வட்டுகளில் நான்கு வடிவமாகக் கிடைப்பின், முந்தியது எது, பிந்தியது எது என்று வட்டைக் கேட்டு அறிய முடியாது.

மூன்றாம் பூட்டே நுட்பமானது. ஆங்கில எழுத்துகளைக் கணிப்பொறியில் குறிப்பதற்கு ஏழு பிட் போதும். அதனால் 128 குறிகள் கிடைக்கும். ஒரு பைட்டில் எட்டுப் பிட் இருப்பதால் ஒன்று வீணாக நின்றது. வேர்ட்ஸ்டார் அந்த எட்டாவது பிட்டைத் தன் சொந்த அடையாளத்துக்கு வைத்துக்கொண்டது. வரிகளை இருபுறமும் சமமாக நிரப்பி அமைக்கும்போது, சொல்லின் இறுதி எழுத்தில் அந்த அடையாளத்தை ஏற்றிற்று. வேர்ட்ஸ்டாருக்குள் இருக்கும்வரை இது எவர் கண்ணுக்கும் தெரியாது. வேறு மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடையும் சிதைந்து நிற்கும். 'தி' என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்துக்குரிய எண் 101. அத்துடன் 128 சேர்ந்து 229 ஆகிறது. ஐ.பி.எம். பொறியின் எழுத்துப் பட்டியலில் 229 என்பது கிரேக்கத்தின் சிக்மா. பக்கம் முழுதும் சொற்களின் வால்களில் கிரேக்க எழுத்துகள் தொங்குவதைக் கண்ட ஒருவர், கோப்பு கெட்டுவிட்டது என்று கருதி வீசியெறிந்திருப்பின் அவரைக் குறைகூற இயலாது.

இந்த எட்டாவது பிட் நமக்கும் அயலானது அன்று. ஆங்கிலத்துக்கு அப்பாற்பட்ட மொழிகள் குடியேறுவதற்கு அந்நாளில் எஞ்சியிருந்த இடம் அதுவே. அரபி மொழிக்கு அங்கேதான் 1987இல் ஐ.எஸ்.ஓ. 8859-6 என்னும் தரக் குறியீட்டில் இடம் ஒதுக்கப்பட்டது. அவ்விடத்தை ஒரு மென்பொருள் தன் வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டால், அம்மென்பொருளுக்குள் வேற்று மொழி புக முடியாது. அரபிக்கு மற்றோர் இடரும் உண்டு. ஐன் என்னும் ஒரே எழுத்து முதலில் ஒரு வடிவும் நடுவில் ஒரு வடிவும் கடையில் ஒரு வடிவும் தனித்து நின்றால் வேறொரு வடிவும் கொள்ளும் என்பதை ஓதப் பழகிய குழந்தையும் அறியும். எழுத்தை ஒரே குறியாகச் சேமித்துவைத்து, இடத்துக்கேற்ற வடிவைத் திரையில் காட்டும்போது பொறியே தேர்ந்துகொள்ள வேண்டும் என்னும் முறையை ஜோசப் பெக்கர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் 1984இல் விளக்கினார். குவைத்தில் முஹம்மது அல்-ஷாரிக் நிறுவிய 'ஸக்ர்' நிறுவனம், அதே பத்தாண்டில் எம்.எஸ்.எக்ஸ். வகை வீட்டுக் கணிப்பொறிகளை அரபி எழுத்தோடு அரபு நாட்டு வீடுகளுக்குக் கொணர்ந்தது. 1991இல் வெளியான யூனிகோடு முதற் பதிப்பில் அரபியும் தமிழும் தத்தமக்குரிய இடத்தைப் பெற்றன.

உயிர்ப்பிக்கும் கைகள்

இனி, அப்பூட்டுகளைத் திறப்போரைக் காண்போம். அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் ஊதியம் பெற்றுப் பணிபுரிவோர் சிலர். ஓய்வு நேரத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டு இதைச் செய்யும் ஆர்வலர்களோ பலர்.

நாற்பது ஆண்டு உறங்கிய பொறியை உடனே மின்னிணைப்பில் செருகலாகாது. மின்வழங்கிப் பகுதியில் உள்ள பழைய காகித மின்தேக்கிகள் வெடிப்புற்று ஈரம் ஏறியிருக்கும்; மின்சாரம் பாய்ந்த சிறிது நேரத்தில் புகைவிட்டு எரியும். முதலில் அவற்றை மாற்றுவர். அடுத்து வட்டு இயக்கியின் படிக்கும் தலையைச் சாராயத் திரவத்தால் துடைப்பர். அழுக்கேறிய தலை, வட்டின் மேற்பூச்சையே உழுது எடுத்துவிடும். பூச்சோடு எழுத்தும் போகும். ஆகையால் அரிய வட்டை முதலில் இட்டுச் சோதிப்பது பெரும்பிழை. இழந்தாலும் பாதகமில்லாத வட்டைக் கொண்டே சோதிப்பர். ஐந்தேகால் அங்குல வட்டின் விளிம்பில் உள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடுவது அடுத்த பணி. மூடிவிட்டால் பொறி அதில் படிக்கும், எழுதாது.

சாதாரண இயக்கி படிக்க மறுக்கும் வட்டுகளுக்கு வேறு கருவி உண்டு. வட்டு சுழலும்போது காந்தப் புலம் திசைமாறும் ஒவ்வொரு கணத்தையும், பொருள் என்னவென்று ஆராயாமல், அப்படியே பதிந்துகொள்ளும் சிறு பலகை அது. பொருள்கொள்வது பின்னர், ஆற அமர நடக்கும். இவ்வாறு எடுத்த பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டு, எண் குறியீட்டால் சரிபார்த்து, நாளிட்டு வைப்பர். பழைய அரபி ஏடுகளைப் படியெடுத்த காதிப்கள், மூலத்தோடு ஒப்பிட்டு முடித்தமைக்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவைக்கும் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. முகாபலா என்னும் அம்முறையின் நோக்கமும் இதன் நோக்கமும் ஒன்றே: பின்வருவோர் இப்பிரதியை நம்பலாம் என்று சான்று பகர்தல்.

பிரதி கைக்கு வந்தபின் அதைத் திறக்க வேர்ட்ஸ்டார் வேண்டும். பழைய பொறியிலேயே திறக்கலாம். அன்றேல் இன்றைய கணிப்பொறிக்குள் பழைய பொறியைப்போல நடிக்கும் எமுலேட்டர் என்னும் மென்பொருளில் திறக்கலாம். திரையில் 'ஏ' என்னும் எழுத்தும் ஒரு கூரிய குறியும் தோன்றும். வேர்ட்ஸ்டாருக்குரிய இரண்டெழுத்தைத் தட்டினால் பழைய பட்டியல் எழும். நாற்பது ஆண்டுக்கு முன் எழுத்தாளர் கண்ட அதே அகலத்தில், அதே வரி ஒடிப்போடு எழுத்து வந்து நிற்கும். சொற்களின் வாலில் தொங்கிய சிக்மாக்கள் மறைந்துவிடும்.

இப்பணிக்குச் சட்டத்தின் தடையும் இருந்தது. சி.பி./எம். உரிமையாளர் 2001இல் அதனை ஆர்வலர்கள் பகிர்ந்துகொள்ள இசைவளித்தார். அவ்விசைவு எல்லார்க்கும் உரியது என்று 2022இல் தெளிவுபடுத்தப்பட்டது. வேர்ட்ஸ்டாரை இன்னும் கைவிடாத எழுத்தாளரும் உளர். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், தாம் நாவல் எழுதுவது பழைய டாஸ் பொறியில் வேர்ட்ஸ்டார் 4.0 கொண்டே என்று 2014இல் தொலைக்காட்சியில் கூறினார். கனடா நாட்டு நாவலாசிரியர் ராபர்ட் ஜே. சாயர், அம்மென்பொருளின் இறுதிப் பதிப்பாகிய ஏழாம் பதிப்பை, கையேடுகளோடும் இன்றைய பொறிகளில் இயக்கும் வழிகளோடும் தொகுத்து, 2024 ஆகஸ்டில் எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டார். கேட்பாரற்ற சொத்தைக் காப்பது திருட்டா, தொண்டா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். அதில் எழுதிய எழுத்தாளர்களின் பக்கம் நின்று பார்ப்போர்க்கு ஐயம் எழாது.

எல்லிசனின் நாவல்

எல்லிசனுக்குத் திரும்புவோம். அவர் மறைந்தபின், ஜான் காலஹன், ஆடம் பிராட்லி என்னும் அறிஞர் இருவரும் காகிதக் கட்டுகளையும் கணிப்பொறிக் கோப்புகளையும் ஆண்டுக்கணக்கில் ஒப்புநோக்கினர். ஒரே காட்சி திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. அடித்தல் தெரியாத கருவியில் அமர்ந்த அம்முதியவர், ஒவ்வொரு பத்தியையும் விடாது செப்பனிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவர்கள் பதிப்பித்த 'த்ரீ டேஸ் பிஃபோர் த ஷூட்டிங்' என்னும் நூல் ஆயிரம் பக்கங்களைக் கடந்து 2010இல் வெளிவந்தது. கணிப்பொறியில் எழுதிய பகுதிகள் அந்நூலில் தனிப் பிரிவாகவே இடம்பெற்றுள்ளன. அவருடைய வட்டுகள், பிற ஏடுகளோடு, இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 1967இன் தீ எரித்ததை எவராலும் மீட்க இயலவில்லை. வட்டில் உறங்கியதை மீட்க முடிந்தது. ஏனெனில் அதைப் படிக்கத் தெரிந்தோர் இன்னும் இருந்தனர்.

எழுத்து நிலைபெறுவது அது பதிந்துள்ள பொருளின் உறுதியால் மட்டும் அன்று. ஓலையாயினும் தோலாயினும் காந்தப் பூச்சாயினும், ஒருவர் மற்றொருவர்க்குக் கற்றுத்தந்து விடாது வரும் வாசிப்புச் சங்கிலியே அதை வாழவைக்கிறது. பழைய பொறியைத் துடைத்து, சில்லை மாற்றி, வட்டைப் படியெடுப்போரைக் காலம் கடந்த பொருள்மீது மோகங்கொண்ட விளையாட்டுப் பிள்ளைகள் என்று சிலர் நகைப்பதுண்டு. அச்சங்கிலியின் கண்ணிகளுள் ஒன்றை அவர்கள் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே உண்மை.

இது தொலைநாட்டுக் கதை என்று நாம் அமைந்திருத்தல் இயலாது. 1990களில் தமிழ் நூல்கள் கணிப்பொறியில் அச்சுக்கோக்கப்பட்டபோது, எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துகளுக்குத் தாம் விரும்பிய எண்ணை இட்டனர். அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் அக்கோப்புகளைத் திறந்தால், பொருளற்ற உரோமன் எழுத்துகளே வரிவரியாக நிற்கும். ஊர் வரலாறும், குடும்ப வழிமுறையும், மறைந்த பெரியவரின் கட்டுரையும் அவ்வாறு உறங்கும் வட்டுகள் நம் வீடுகளிலும் அச்சகங்களிலும் கிடக்கலாம். தந்தையின் அலமாரியைத் துப்புரவு செய்கையில் கறுத்த சதுர உறை ஒன்று கையில் தட்டுப்பட்டால், அதைக் குப்பையில் இடுவதற்குமுன் ஒரு நாள் பொறுங்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர் இன்னும் எங்கேனும் இருப்பார்.